பிரவாசியும் பரதேசியும்

கேரள அரசுக்குக் கணக்கு நன்றாக வரும். வகுத்தல் கணக்கு இன்னும் நன்றாக வரும்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்தது. சரிந்த மலை தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள்மேல் விழுந்தது. போர்த்திக்கொண்டு தூங்கியவர்கள் தூங்கியபடியே மண்ணுக்குள் போனார்கள். 70 பேர். மறுநாள் இரவு, துபாயிலிருந்து வந்த விமானம் கோழிக்கோடு விமான நிலையத்தின் கரிப்பூர் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 பேர். இரண்டுக்கும் நடுவே ஒரு முழு நாள்கூட இல்லை. இரண்டு இரவும் மழை. இரண்டு இடத்திலும் செத்தவர்கள் பிழைப்புக்காக ஊர்விட்டுப் போனவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும். அரசு அறிவித்த நிவாரணம் மட்டும் வேறு. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம். மண்ணுக்குள் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம்.

ஏலக்காய்க்கு அன்றன்று நிலவரம் சொல்வார்கள் அல்லவா? அந்த வாரத்துப் பிண நிலவரம் இது. வளைகுடா ஒன்றுக்கு எஸ்டேட் இரண்டு.

விமானத்தில் செத்தவர்கள்மேல் நமக்கு என்ன கோபம்? கொரோனா காலத்தில் வேலை போய், விசா முடிந்து, கைக்குழந்தைகளோடு ஊருக்கு ஓடிவந்த பாவப்பட்ட சனம். அவர்களுக்குக் கொடுத்த 10 லட்சமே குறைவு என்று சொன்னால் முதல் கை என்னுடையது. கேள்வி அதுவன்று. 10 லட்சத்தை எழுதிய அதே பேனா, ஒரு நாள் முன்னால் எப்படி 5 லட்சத்தோடு மை தீர்ந்து நின்றது?

விளக்கம் வந்தது. விளக்கத்துக்கு எந்த அரசிடமும் பஞ்சம் இருந்ததில்லை. இது முதல் உதவிதான், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். முதலமைச்சரும் ஆளுநரும் 8ஆம் தேதி கோழிக்கோட்டுக்குப் போனார்கள். பெட்டிமுடிக்கு 13ஆம் தேதி வந்தார்கள். மலையில் வானிலை சரியில்லையாம். சரியில்லாத வானிலையால்தான் அங்கே 70 பேர் செத்தார்கள் என்பது வேறு விஷயம். இரவு பத்தரை மணிக்கு மேல் விழுந்த மலை, வெளியே தெரிந்தது மறுநாள் காலையில். மின்சாரம் இல்லை, போன் இல்லை. நூற்று நாற்பது வருடமாக உலகத்துக்குத் தேயிலை அனுப்பும் மலையிலிருந்து, ஒரு சாவுச் செய்தி கீழே இறங்க ஒரு ராத்திரி ஆனது.

13ஆம் தேதி, மூணாறு தோட்டப் பெண்கள் 2015இல் நடத்திய போராட்டத்தின் முகங்களில் ஒருவரான கோமதி, முதலமைச்சரின் வண்டியை வழிமறித்து நிலமும் வீடும் கேட்கப் பார்த்தார். போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. வானிலைக்கு ஒரு வாரம் பொறுத்துக் காத்திருந்த அரசுக்கு, ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு நிமிடம் பொறுக்க முடியவில்லை.

மலையாளத்தில் அழகான ஒரு சொல் இருக்கிறது. பிரவாசி. பிழைப்புக்காகக் கடல் கடந்து போன மலையாளிக்கு அந்தப் பெயர். சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். பிரவாசிக்கு என்று 1996லேயே நோர்க்கா என்று தனித் துறை வைத்தார்கள். பிரவாசிக்கு நலநிதி வாரியம், ஓய்வூதியம், அடையாள அட்டை. 2018 முதல் லோக கேரள சபை. உலகத்து மலையாளிகளையெல்லாம் கூப்பிட்டு, திருவனந்தபுரத்தில் சட்டமன்ற வளாகத்திலேயே உட்காரவைத்து, உங்கள் கஷ்டம் என்ன என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். அரபியின் தோட்டத்திலும் கடையிலும் ரத்தம் வற்ற உழைத்த காசில்தான் கேரளத்தில் பாதி வீடு எழுந்தது.

வடக்கேயிருந்து வேலைக்கு வருகிறவனுக்கும் இப்போது ஒரு மரியாதைச் சொல் வைத்திருக்கிறார்கள். அதிதி தொழிலாளி. விருந்தாளித் தொழிலாளி என்று அர்த்தம். எந்த ஊரில் விருந்தாளியைச் சிமெண்ட் மூட்டை தூக்கவைப்பார்கள் என்று கேட்காதீர்கள். கேரளத்தில் வைப்பார்கள். அந்த விருந்தாளிகளுக்காகப் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் 2019இல் ஒரு விடுதி கட்டித் திறந்தார்கள். 600க்கும் மேற்பட்டவர்கள் தங்கலாம். பெயர், ‘அப்னா கர்’. இந்தியில், நம்ம வீடு. நல்ல காரியம். குறை சொல்ல மாட்டேன்.

ஆக, போனவன் பிரவாசி. வந்தவன் அதிதி. ஐந்து தலைமுறையாக அங்கேயே கிடக்கிறானே ஒரு தமிழன், அவனுக்கு என்ன பெயர்?

பாண்டி.

அரசு உத்தரவில் அந்தச் சொல் இருக்காது. டீக்கடையில் இருக்கும். பஸ்ஸில் இருக்கும். தமிழில் இவனுக்குப் பொருத்தமாக ஒரு சொல்லைத் தேடினால் பரதேசி என்பதுதான் கிடைக்கிறது. அன்னிய தேசத்தான் என்பது பழைய பொருள். கையில் ஒன்றுமில்லாதவன் என்பது இன்றைய பொருள். மூணாறுக்கு இரண்டும் ஒட்டும்.

இவர்கள் யாரும் வேலி தாண்டிக் குதித்து வந்தவர்கள் இல்லை. 1877இல் மன்றோ என்ற துரை, பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். காட்டை வெட்ட ஆள் வேண்டும். தேயிலை நட ஆள் வேண்டும். கொசுவுக்கும் அட்டைக்கும் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். கங்காணிகள் திருநெல்வேலிச் சீமைக்கும் மதுரைச் சீமைக்கும் இறங்கினார்கள். முன்பணத்தைக் காட்டினார்கள். பஞ்சத்தில் கிடந்த சனம், அதிலும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிச் சனம், சட்டி பானையோடு மலையேறியது. பெட்டிமுடியில் புதைந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படிப்போமே, அதே கயத்தாறு. அந்த ஊர்க்காரர்களை யார் எங்கே எப்படிக் கொன்றார்கள் என்று படிக்க இன்னும் பாடம் எழுதவில்லை.

அவர்கள் ஏறியபோது அது திருவிதாங்கூர். 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1 காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, எழுந்தபோது கேரளம். கொழுந்துக்கூடை மாறவில்லை. துரை மாறவில்லை. இவர்கள் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக வேற்று மாநிலத்தார் ஆகிவிட்டார்கள்.

மாநிலங்களைப் பிரிக்க வந்த ஆணையத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. தேவிகுளத்தில் தமிழ் பேசுகிறவர்கள்தான் அதிகம். மொழிவாரி மாநிலம் என்றால் மொழியை எண்ண வேண்டுமே? வழி கண்டுபிடித்தார்கள். தோட்டத்துக்கூலிகள் வருவார்கள் போவார்கள், நிலையான குடிகளாகக் கணக்கில் எடுக்க முடியாது. முடிந்தது. அங்கேயே பிறந்து, அங்கேயே கவாத்து வெட்டி, அங்கேயே செத்து, தேயிலைக்கு உரமானவன் ‘வருகிறவன் போகிறவன்’. கடலுக்கு அப்பால் உட்கார்ந்து லாபம் எண்ணியவனைப் பற்றி அந்தக் கவலை யாருக்கும் வரவில்லை.

தமிழ்நாட்டு மேடைகளில் இந்த இடத்தில் ஒரு நிமிடம் உணர்ச்சிவசப்படுவார்கள். தேவிகுளமும் பீர்மேடும் நமதே என்பார்கள். அப்போது ஆண்ட காமராஜர், குளமாவது மேடாவது, எல்லாம் இந்தியாவுக்குள்ளேதானே இருக்கிறது என்று சொன்னதாக இன்றும் குத்திக்காட்டுவார்கள். அவர் சொன்னாரோ சொல்லவில்லையோ, அவருக்குப் பிறகு வந்தவர்கள் அதைக் கொள்கையாகவே கடைப்பிடித்தார்கள். குளம் வேண்டும், மேடு வேண்டும், குளத்திலும் மேட்டிலும் இருக்கிற ஆள் வேண்டாம்.

குடியாக எண்ணாத ஆளை ஓட்டாக எண்ணலாம். அதற்குத் தடையில்லை. 1958இல் தேவிகுளத்தில் மறுதேர்தல். ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் அரசு மெல்லிய பெரும்பான்மையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு தொகுதி முக்கியம். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன், பண்ணைப்புரத்திலிருந்து மலையேறி, லயம் லயமாகத் தமிழில் பாடினார். அரசின் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். தமிழ்ப் பாட்டு ஜெயிக்கவைத்தது என்று கொண்டாடினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அதே மலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே அரசின் போலீஸ் சுட்டது. இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். பாட்டுக்குப் பரிசு ஐந்தே மாதத்தில் வந்துவிட்டது. எந்த அரசுத் துறையும் தமிழனுக்கு இவ்வளவு சீக்கிரம் எதையும் பட்டுவாடா செய்ததில்லை.

சாதிச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் பட்டியல் சாதிகளுக்கான ஆணை பிறப்பித்தார். அந்தத் தேதிக்கு முன்பே உன் பாட்டன் இந்த மண்ணில் இருந்தான் என்று நிரூபித்தால்தான் கேரளத்தில் நீ பட்டியல் சாதி. நிரூபிக்க ஆவணம் வேண்டும். பாட்டனிடம் பட்டா இல்லை, நிலமே இல்லை. பாட்டனிடம் பத்திரம் இல்லை; வீடே இல்லை. பாட்டனுடைய பெயர் இருந்தது ஓர் இடத்தில்தான். கங்காணியின் கடன் நோட்டில். அதைக் கறையான் தின்றுவிட்டது. அடிமையாக இருந்ததற்கு ரசீது கொண்டுவா என்கிறார்கள். ரசீது கொடுத்து எவன் அடிமை வைத்தான்?

சரி, தமிழ்நாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று பையன் மலை இறங்குகிறான். நீ கேரளத்தில் பிறந்தவன், அங்கே கேள் என்கிறார் இங்கேயிருக்கும் அதிகாரி. மேலே போனால் கீழே போ. கீழே வந்தால் மேலே போ. பையனுடைய சாதி போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் எங்கேயோ தொலைந்துபோகிறது. தெருவில் மட்டும் தொலைவதில்லை. அங்கே அதற்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

ஏழைப் பையனுக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். தேவிகுளத்துக்கு எம்.எல்.ஏ. ஆன ஆ. ராஜாவின் கதையைக் கேளுங்கள். 2021இல் பட்டியல் சாதித் தனித்தொகுதியில் ஜெயித்தார். சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். கைதட்டினார்கள். பிறகுதான் கண்டுபிடித்தார்கள், கடவுளின் பெயராலா, மனச்சாட்சியின் பெயராலா என்ற வரியே அதில் இல்லை. எழுதிக்கொடுத்தது யார்? அரசின் சட்டத்துறை. மொழிபெயர்ப்பில் வரியை விழுங்கியது அரசு. திரும்ப உறுதிமொழி எடுத்தது ராஜா. செல்லாத உறுதிமொழியோடு சபையில் உட்கார்ந்த ஐந்து நாளுக்கு, நாளுக்கு 500 வீதம், 2,500 ரூபாய் அபராதம் கட்டியதும் ராஜாதான். மொழிபெயர்த்தவருக்கு எவ்வளவு அபராதம் என்று கேட்டுத் தொலைக்காதீர்கள்.

அதோடு முடியவில்லை. அவர் கிறிஸ்தவர், இந்துப் பறையர் அல்ல, அவருக்கு இந்தத் தொகுதி செல்லாது என்று வழக்கு. தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். தாத்தா எப்போது வந்தார் என்று தோண்டினார்கள். 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. ஐந்து வருடப் பதவியில் நாலு வருடம், தான் யார் என்று நிரூபிப்பதிலேயே போனது. வக்கீல் வைக்கக் கட்சி இருந்தது, டில்லி வரை போக வசதி இருந்தது. லயத்தில் இருக்கும் பிளஸ் டூ பையனுக்கு டில்லி எந்தப் பக்கம்?

பெட்டிமுடியில் ஒரு நாய் இருந்தது. குவி என்று பெயர். மண்ணுக்குள் போன தன் வீட்டுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தை ஒரு வாரம் அலைந்து காட்டிக்கொடுத்தது. பத்திரிகைகள் கண்ணீர் வடித்தன. போலீஸின் மோப்ப நாய்ப் பிரிவு அதைத் தத்தெடுத்துக் கூட்டிப்போனது. 1950க்கு முன் உன் பாட்டன் எங்கே குரைத்தான் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைச் சரிவில் நின்று போட்டோ எடுக்கும்போது, தூரத்தில் தகர ஓடு போட்ட நீளமான கட்டடம் ஒன்று அழகாகத் தெரியும். அதுதான். பச்சைக்கு நடுவே சின்ன ரயில் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே போனால் ரயில் பெட்டியே தேவலாம் என்று தோன்றும். ஒரு அறை, ஒரு அடுப்படி. அதில் மாமியார், மருமகள், வளர்ந்த மகள், பரீட்சைக்குப் படிக்கும் பையன், குடித்துவிட்டு வந்த அப்பன். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்றது. முதலாளிகள் கடமையைச் செய்தார்கள். எவ்வளவு குறைவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு.

அந்த வீடும் வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். காலி செய்தால்தான் கணக்குத் தீரும். அதனால் மகளைப் படிக்கவைக்கலாமா, கூடையை மாட்டிவிடலாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் யோசனை. மகள் படித்து வெளியே போனால் வீடு போய்விடும். மகள் கொழுந்து கிள்ளினால் கூரை நிற்கும். வளைகுடாவில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான் என்று கேரளம் கொதிக்கும். நியாயமான கொதிப்பு. இங்கே பிடுங்கி வைத்திருப்பது கூரையை. பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகத்தில் புதிது தருவார்கள்.

2024இல் ‘ஆடுஜீவிதம்’ படம் வந்தது. பாலைவனத்தில் அர்பாப் என்ற முதலாளியிடம் சிக்கி ஆட்டுக்கொட்டிலில் கிடந்த மலையாளியின் கதை. கேரளமே அழுதது. நானும் பார்த்தேன், நானும் அழுதேன். இடைவேளையில் வெளியே வந்து எல்லோரும் சாயா குடித்தார்கள். சாயா எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தொண்டையில் சிக்கவில்லை.

2015 செப்டம்பரில் ஒருமுறை சிக்கியது. அப்போது மூணாறில் நாள் கூலி 232 ரூபாய். குறைந்தது 21 கிலோ கொழுந்து பறித்தால்தான் அந்தக் கூலி முழுசாக. அந்த வருடம் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக வெட்டினார்கள். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெண்பிள்ளை ஒருமை என்று ஊர் பெயர் வைத்தது. முதலில் அவர்கள் விரட்டியது முதலாளியை இல்லை. தொழிற்சங்கத் தலைவர்களை. உள்ளூர் எம்.எல்.ஏ.வையும் உட்காரவிடவில்லை. முப்பது வருடம் சந்தா வாங்கிக்கொண்டு, எஸ்டேட் பங்களாவில் டீ குடித்த தலைவர்கள், திடீரென்று தொழிலாளியின் துக்கத்தில் பங்கெடுக்க வந்தால் எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் பொறுக்கும்?

ஒன்பதாம் நாள் தீர்வு வந்தது. அந்தத் தீர்வைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம். போனஸ் 8.33 சதவீதம். கருணைத்தொகை 11.67 சதவீதம். கூட்டினால் 20. பெண்கள் கேட்டதும் அதே 20தான். கொடுத்தார்கள். உரிமை என்று பாதிக்கும் குறைவு, கருணை என்று பாதிக்கும் மேல். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அவ்வளவு நுட்பமானவர். 232 பிறகு 301 ஆனது. 500 கேட்டார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு அந்த 301ஐப் படியுங்கள். இரண்டு வருடம் கழித்து, 2017 ஏப்ரலில், ஓர் அமைச்சரே, எம்.எம். மணி, அந்தப் பெண்கள் ரோட்டில் கிடந்த நாட்களைப் பற்றி மேடையில் ஆபாசமாகப் பேசினார். தொழிலாளி வர்க்கத்தின் கட்சி. தொழிலாளிப் பெண்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவர்கள் மறுபடியும் ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது.

கீழே தேனி மாவட்டத்தில் இன்னொரு வகைப் பரதேசி இருக்கிறான். இவனுக்கு லயமும் கிடையாது. கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று ஊர் ஊராக விடிவதற்கு முன்னே ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஆர்.சி. புத்தகம் ஒன்று சொல்லும், டிரைவர் ஒன்று சொல்வார். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு. காலையில் அன்னிய மாநிலம், சாயங்காலம் சொந்த மாநிலம். இவர்கள் அளவுக்கு அடிக்கடி எல்லை தாண்டுகிறவர்கள் விமானப் பணிப்பெண்கள் மட்டும்தான். அந்தப் பெண்களுக்குச் சீட் பெல்ட் உண்டு.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை உடையப்போகிறது என்று ஒரு பீதியைக் கிளப்பினார்கள். அணை உடையவில்லை. தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களின் மண்டை உடைந்தது. கூட்டம் கூட்டமாகப் பெண்களும் குழந்தைகளும் துணிமூட்டையோடு மலை இறங்கி ஓடிவந்தார்கள். இந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. இங்கே கடை வைத்திருந்த மலையாளியின் கண்ணாடியை உடைத்து நாமும் வீரம் காட்டினோம். கொஞ்ச நாளில் ஏலக்காய் முற்றியது. பறிக்க ஆள் வேண்டும். ஜீப் திரும்ப வந்தது. நிற்காமல் போயிருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது, ஏறிக்கொண்டார்கள். கொரோனாவிலும் அதே கதை. தமிழன் வந்தால் நோய் வரும் என்று எல்லையை அடைத்தவர்கள், காய் பழுத்ததும் பாஸ் கொடுங்கள் என்று மனுப்போட்டார்கள். வைரஸுக்கும் ஏலக்காய் சீசன் தெரிந்திருக்கிறது.

தேர்தல் நாளில் மட்டும் ஜீப்பில் கூட்டம் பார்த்து எல்லோருக்கும் பதறும். இவர்களுக்கு இரண்டு மாநிலத்திலும் ஓட்டு இருக்கிறது, கள்ள ஓட்டுப் போட வருகிறார்கள் என்று வண்டியை மறிப்பார்கள். விரலை நீட்டச் சொல்லி மையைத் தேடுவார்கள். அப்படிச் சிலருக்கு இரண்டு அட்டை இருப்பது உண்மையாகவும் இருக்கலாம். சேர்த்துவிட்டது யார்? இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர்களும்தான். இரண்டு இடத்தில் ஓட்டு. ஓர் இடத்திலும் வீடு இல்லை.

பாலக்காட்டுப் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. சித்தூர்த் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதித் தமிழர்கள் எங்கேயிருந்தும் கூலிக்கு இறங்கியவர்கள் இல்லை. அது அவர்கள் மண். கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்குப் பெரும்பங்கு கள் அங்கேயுள்ள தென்னந்தோப்புகளிலிருந்து போகிறது. குடித்துவிட்டுப் பாண்டி என்று திட்டவும் அந்தக் கள்தான் உதவுகிறது.

அங்கே நம்மவர்களின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும்; ஒரு பக்கத்தை மட்டும் அறைந்தால் கை வலிக்கும். முதலமடைப் பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி. அங்கே சக்கிலியர் குடும்பங்களுக்குத் தண்ணீர்க் குழாயில் தீண்டாமை, டீக்கடையில் தீண்டாமை என்று 2017இல் செய்தி வெடித்தது. முற்போக்குக் கேரளத்திலா இப்படி என்று திருவனந்தபுரம் அதிர்ச்சி காட்டியது. தள்ளிவைத்தவர்களில் மேல்சாதி என்று சொல்லிக்கொள்ளும் தமிழர்களும் உண்டு. எல்லைச் சாவடியில் பாலைச் சோதிக்கிறார்கள், லாரியைச் சோதிக்கிறார்கள். நாம் கொண்டுபோன சாதியை மட்டும் எவரும் நிறுத்திச் சோதிக்கவில்லை. அதற்கு இரண்டு மாநிலத்துக்கும் பெர்மிட் உண்டு.

சென்னையில் ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம். சிங்கப்பூரிலிருந்து வருகிறார்கள், மலேசியாவிலிருந்து வருகிறார்கள், கோட்டு போட்ட தமிழர்களுக்குப் பொன்னாடை. யாதும் ஊரே என்று பின்னால் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். போடியிலிருந்து மூணாறு எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. அயலகமாக இருக்க அது ரொம்பப் பக்கம். சொந்தமாக இருக்க அது ரொம்பத் தூரம். கொழுந்துக் கறை பிடித்த விரலோடு ஒருத்தி அந்த மேடையேறினால் எந்த நாட்டுப் பிரதிநிதி என்று அறிவிப்பாளர் என்ன செய்வார் பாவம்.

பெட்டிமுடியில் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். எட்டு வீடு. திறப்புவிழா நடந்தது. மற்ற லயங்கள் மற்ற மலைகளின் அடியில் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு ஆகஸ்டிலும் மழை கனக்கும்போது, அந்தச் சனம் சுவரில் காது வைத்துத் தூங்குகிறது.

அதில் ஒருத்தி இந்த வருடம் ஓய்வு பெறுகிறாள் என்று வையுங்கள். பதினெட்டு வயதில் கூடை மாட்டினாள். நாற்பது வருடம். முழங்கால் தேய்ந்துவிட்டது. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வேலைக்கு வர ஆள் இல்லாததால் வீட்டைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. அந்த அறைக்கு ஜார்கண்டிலிருந்து ஓர் அதிதி வரப்போகிறான். அவனுக்கு அங்கே என்ன விருந்து என்பது இவளுக்குத் தெரியும். சொல்ல அவன் மொழி தெரியாது. மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு போடி வந்து, தேனி வந்து, கயத்தாறில் இறங்குகிறாள். அப்பன் பிறந்த தெரு. அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது. ஆட்டோக்காரத் தம்பியிடம் வழி கேட்கிறாள். பேச்சில் நாலு வார்த்தை மலையாளம் வந்து விழுகிறது.

அவன் திரும்பிப் பார்க்கிறான்.

“கேரளாவா அம்மா? ஊர் சுத்திப் பார்க்க வந்தீங்களா?”